மூன்று மணி அலாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சந்திப்பு என்றால் பழைய கதைகள் பேசுவதுதான் வழக்கம். விடுதிச் சாப்பாடு, ஆய்வகத்தில் உடைத்த பியூரெட், கட் அடித்துப் பார்த்த சினிமா இவற்றையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சுவையாகச் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் கனமான விஷயத்தைப் பேசலாமா என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன். "உங்க அண்ணனும் நம்ம கல்லூரிதானே சார், பேசுங்க" என்றார். அந்தத் தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே 1979 முதல் 1982 வரை பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, பிறகு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அண்ணன் இதே கல்லூரியில் 1974 முதல் 1977 வரை கணிதம். அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. அதனால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துகொண்டே போனது. பதினொரு மாதம் அந்தச் சர்க்கரையைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்த அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அண்ணனுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். நம் வீடுகளில் அது எப்படி என்று உங்களுக்கே தெரியும். அண்ணி வீட்டில் வெல்லத்தைக்கூட ஒளித்து வைத்திருப்பார். 2017 கடைசியில் அண்ணனுக்குச் சர்க்கரை தானாகவே இறங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அண்ணனுக்கு ஒரே பெருமை. "பாகற்காய் ஜூஸ்டா தம்பி! பதினஞ்சு வருஷ வியாதியை ஓட ஓட விரட்டிட்டேன்" என்று போனில் சொன்னார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். ரொம்ப வருடச் சர்க்கரை நோய் காரணமில்லாமல் 'குணமானால்', ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

2018 மார்ச்சில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அண்ணியிடமிருந்து போன். "தம்பி, உடனே வாங்க. உங்க அண்ணன் ஒரு மாதிரி இருக்கார்." எங்கள் இரண்டு வீடும் திருச்சியில்தான், பத்து நிமிஷ தூரம். போய்ப் பார்த்தால் அண்ணன் பூஜை அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. என்னைப் பார்த்து, "சார், டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். நாக்கு குழறியது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, "ராத்திரி ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார். என்ன அர்த்தத்தில் கேட்டார் என்பது உங்களுக்குப் புரியும். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷர்!

அண்ணி அவசரத்தில் காபி கலந்து கொடுத்தார். அதில் போட்டது பழக்க தோஷத்தில் எடுத்த சுகர் ஃப்ரீ மாத்திரை. இனிக்கும்; ஆனால் அதில் சர்க்கரை கிடையாது. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு 31 மில்லிகிராம். எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. ஐம்பத்து நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, "என்னடா, எல்லாரும் ஏன் நிக்கிறீங்க?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

மாத்திரையின் வேலை என்று சொல்லி, மாத்திரையை அடியோடு நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் இரவு மறுபடியும் அதே கதை. மாத்திரையே இல்லாதபோது யார் சர்க்கரையை இறக்குகிறார்கள்? அதன் பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலின் வலப்பக்கத்தில் 13 சென்டிமீட்டர் கட்டி. வயிற்றுவலி இல்லை, காமாலை இல்லை. விடியற்காலையில் இறங்கிய அந்தச் சர்க்கரைதான் புற்றுநோயின் முதல் அறிகுறி.

இது எப்படி நடக்கிறது? நம் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் அளவு குளுக்கோஸ்தான் இருக்கிறது. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் தேவை. ராத்திரி நாம் தூங்கும்போது இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது கல்லீரல். பகலில் சாப்பிட்டதைச் சேமித்து வைத்து, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விடும் களஞ்சியம் அது.

கல்லீரல் புற்றுநோயில் இந்தக் களஞ்சியம் இரண்டு விதமாகக் கெடலாம். 1969-ல் ஹாங்காங் பல்கலைக்கழக டாக்டர்கள் மக்ஃபாட்ஜியன், யுங் இருவரும் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, நோய் முற்றிய கடைசி வாரங்களில் வருவது. கட்டி வேகமாக வளர்ந்து கல்லீரலைத் தின்றுவிடுகிறது, சேமிக்க இடமில்லை, நோயாளியும் சரியாகச் சாப்பிடுவதில்லை. மற்றது, நோயின் தொடக்கத்திலேயே வரக்கூடியது. ஆள் பார்க்க நன்றாக இருப்பார், ஆனால் சர்க்கரை மட்டும் கடுமையாக இறங்கும். அண்ணனுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை.

இந்த வகையில் கட்டியே ஒரு பொருளைச் சுரக்கிறது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 2 என்று அதற்குப் பெயர், டாக்டர்கள் ஐ.ஜி.எஃப்.-2 என்பார்கள். முழுதாகப் பக்குவப்படாத அதன் பெரிய வடிவம் ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேஷம் போடுகிறது. தசைகள் குளுக்கோஸை விழுங்குகின்றன. கல்லீரல் கதவைச் சாத்திக்கொள்கிறது. கொழுப்பு கரைந்து மூளைக்குக் கிடைக்க வேண்டிய மாற்று எரிபொருளும் வராது. ரத்தப் பரிசோதனையில் அண்ணனுக்கு உண்மையான இன்சுலின் அளவு மிகக் குறைவாக இருந்தது. திருடன் வேறு ஆள் என்பதற்கு அதுதான் சாட்சி.

டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "இதுக்கு வேர், கட்டி. கட்டி சுருங்கினா சர்க்கரை தானா நிக்கும். அதுவரைக்கும் நீங்கதான் காவல்." அறுவை செய்யும் நிலையில் கட்டி இல்லை. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய் வழியாக மருந்தைச் செலுத்தி, அந்தக் குழாயையே அடைக்கும் சிகிச்சையைச் சென்னையில் செய்தார்கள். அதற்குப் பின் பத்து வாரம் சர்க்கரை இறங்கவே இல்லை. அதன் பிறகு திரும்பி வந்தது.

காவல் என்று சொன்னாரே, அதை எப்படிச் செய்தோம் என்பதைக் கேளுங்கள்.

முதல் வேலை, கடிகாரம். காலை 7, 10, பகல் 1, மாலை 4, இரவு 7, 10 என்று மூன்று மணிக்கு ஒருமுறை சாப்பாடு. இட்லியோ, கேழ்வரகுக் கஞ்சியோ, சோறோ, கூடவே பருப்பு, முட்டை, தயிர். சனிக்கிழமை விரதம் நின்றது. முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருங்க" என்று அண்ணிதான் சமாதானம் செய்தார். பதினைந்து வருடமாக இனிப்பை ஒளித்து வைத்த அதே கையால் அவருக்கு ஜாங்கிரியை எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தபோது அண்ணி அடுப்படியில் நின்று அழுதார்.

இரண்டாவது, சோளமாவு. கடையில் கார்ன் ஃப்ளோர் என்று விற்கிறார்களே, சூப்பில் கலக்கும் வெள்ளை மாவு, அதுதான். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு இல்லை. அதைப் பச்சையாக ஆறிய பாலில் கரைத்துப் படுக்கும்போது குடிக்க வேண்டும். பச்சை மாவு குடலில் மெல்ல மெல்லக் கரைந்து மணிக்கணக்கில் குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே கல்லீரல் சேமிப்புக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு 1980-களிலிருந்து இந்த வைத்தியம் இருக்கிறது. எங்கள் அண்ணிக்குப் பச்சையாக எதையும் கொடுக்க மனசு வராது. முதல் நாள் நன்றாகக் காய்ச்சி, கூழாக்கிக் கொடுத்துவிட்டார். வெந்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். வந்த வேகத்தில் போய்விடும். அன்று ராத்திரி சர்க்கரை 44. எத்தனை ஸ்பூன் என்பதை டாக்டரோ உணவு ஆலோசகரோதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நள்ளிரவு. எவ்வளவு சாப்பிட்டாலும் விடியற்காலை மூன்று மணி வாக்கில் அவருக்குச் சர்க்கரை இறங்கும். ஆகவே தினமும் மூன்று மணிக்கு அலாரம். நானும் அண்ணியும் முறை வைத்து எழுந்தோம். எழுப்பி, விரலைக் குத்திப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் படுப்போம். இப்போது கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்திருக்கிறது. சர்க்கரை இறங்கினால் அதுவே கத்தும். விலை கூடுதல். வசதி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பார்ப்பதே நல்லது.

நான்காவது, அவசரத்தில் என்ன கொடுப்பது? நினைவு இருந்து, விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். 15 நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்கும். லட்டு, மைசூர்பாகு, சாக்லேட் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்ய வேண்டும். குளுக்ககான் என்று ஒரு ஊசி உண்டு. அது கல்லீரலில் இருக்கும் சேமிப்பைத்தான் வெளியே தள்ளும். களஞ்சியம் காலி என்றால் அதை நம்ப முடியாது.

ஐந்தாவது, மருந்து. டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் கொடுத்தார். கட்டியின் சுரப்பை அது ஓரளவு அடக்கும். கல்லீரலைக் குளுக்கோஸ் விடச் சொல்லும். அண்ணனுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் அவர் உடம்பில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்ததால், ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடாமல் இருக்க வைரஸுக்கான மாத்திரையையும் சேர்த்தே கொடுத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிப் போடும் மருந்து அல்ல இது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கல்லீரல் நோயாளிகளுக்கு ரத்த வாந்தி வராமல் இருக்க புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் கொடுப்பதுண்டு. அவை கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அடிக்கடி சர்க்கரை இறங்கி இறங்கிப் பழகிய உடம்பும் எச்சரிக்கை மணி அடிப்பதை நிறுத்திவிடும். இன்னொன்று, "நாளைக்கு ஸ்கேன், வெறும் வயிற்றில் வாங்க" என்பார்கள். அந்த இடத்தில் தலையாட்டக் கூடாது. "இவருக்குச் சர்க்கரை இறங்கும், டிரிப் போட்டுத்தான் காத்திருக்க வைக்கணும்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நண்பர்களே, நான் இந்த மேடைக்கு வந்ததற்கு முக்கியக் காரணமே இனிமேல் சொல்லப் போவதுதான்.

2018 ஆகஸ்டில் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சாயங்காலம் பேச்சுக் குழறல், அரைத் தூக்கம். அங்கிருந்த இளம் டாக்டர் கோப்பைப் பார்த்தார். கல்லீரல் புற்றுநோய் என்று இருந்தது. "கல்லீரல் கெட்டு விஷம் மூளைக்கு ஏறியிருக்கு. எதிர்பார்த்ததுதான்" என்று சொல்லி, வயிறு போக மருந்து எழுதினார். அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். நான் குறை சொல்லவில்லை. எங்களைப் பார்த்து, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றும் சொல்லிவிட்டார். நான் போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணி ஒன்பதாவது வரை படித்தவர். அவர் கைப்பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்தார். "தம்பி, அழுவுறதைப் பொறவு பாத்துக்கலாம். முதல்ல சுகரைப் பாப்போம்." 38! டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் அண்ணன் கண்ணைத் திறந்து, "காபி குடுப்பாங்களா இங்க?" என்றார். நான் இந்தக் கல்லூரியில் பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சிச் செங்கல் நிறம் வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் வாங்கியவன். சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணிக்குத் தோன்றியது.

கல்லீரல் நோயாளி குழறினால், உளறினால், அளவுக்கு மீறித் தூங்கினால், எல்லாம் முடிந்தது என்று நினைப்பதற்கு முன் ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள். புற்றுநோயை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். அந்த நிமிஷத்துச் சர்க்கரையை மாற்ற முடியும்.

அந்த முப்பத்தெட்டை அன்று பார்த்ததால்தான் அண்ணன் அடுத்த மாதம் தன் மகளுக்குக் கன்னிகாதானம் செய்து கொடுத்தார். முகூர்த்தம் காலை ஆறரைக்கு. சடங்கு முடியும்வரை விரதம் என்றார்கள். நான் தயங்கித் தயங்கிப் புரோகிதரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "தாராளமா குடிக்கச் சொல்லுங்கோ. உடம்பு இருந்தாத்தானே தாரை வார்க்க முடியும்?" என்றார் அந்தப் பெரியவர். மணையில் உட்கார்ந்தபடியே அரை மணிக்கு ஒருமுறை குளுக்கோஸ் தண்ணீர் குடித்தார் அண்ணன். மாப்பிள்ளை டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

2019 ஜனவரியில் கட்டி கல்லீரலை மிஞ்சிவிட்டது. ஸ்டீராய்டு, சோளமாவு எதற்கும் சர்க்கரை நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழுத்து நரம்பில் குழாய் போட்டு இரவும் பகலும் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள். ஒருநாள் அண்ணன், "போதும்டா, வீட்டுக்குப் போலாம்" என்றார். வீட்டுக்குப் போனால் டிரிப் நிற்கும். நின்றால் சில மணி நேரத்தில் நினைவு போகும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வலி தணிப்பு சிகிச்சை டாக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னார். அண்ணன் யோசித்து, "டிரிப்போட வீட்டுக்குப் போக முடியுமா?" என்று கேட்டார். முடிந்தது. தெரிந்த நர்ஸ் அம்மா ஒருவர் தினமும் வந்து பார்த்துக்கொண்டார். ஒன்பது நாள் தன் கட்டிலில், தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் ஒரு காலையில் போய்விட்டார். அன்று மூன்று மணிக்கு நான் பார்த்த சர்க்கரை 96.

அண்ணன் போனில் அந்த மூன்று மணி அலாரம் இன்னும் அடிக்கிறது. அண்ணி அதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. 1990-களில் அலுவலக ரத்ததான முகாமில் அண்ணனிடம், "உங்க ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மறந்துவிட்டார். கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்கவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அது உள்ளேயே இருந்தது. அவருக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொண்டோம். எனக்கு இல்லை, மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டேன். என் தங்கைக்கு இருக்கிறது. இன்று அவள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நன்றாக இருக்கிறாள், பேரன் பேத்திகளோடு.

ஹெபடைட்டிஸ் பி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால் வராது. தாயிடமிருந்து குழந்தைக்கும், ரத்தத்தின் வழியாகவும், உடலுறவாலும் வரும். குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2002-ல் சில இடங்களில் தொடங்கி, பிறகுதான் நாடு முழுவதும் வந்தது. ஆகவே உங்களில் சிலர் போட்டிருக்கலாம், சிலர் போடாமல் இருக்கலாம். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

என் வகுப்புத் தோழர்களுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அநேகமாக எல்லோர் வீட்டிலும் குளுக்கோமீட்டர் இருக்கும். அது எந்த அலமாரியில் இருக்கிறது, ஸ்ட்ரிப் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இன்று ராத்திரி ஒருமுறை பார்த்துவையுங்கள்.